சாவு வீட்டுக் கித்தார்

காசம்மாள் தூங்க வேண்டும். அந்த வருஷம் மரியதாஸுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. நெல் விலை ஏறினால் ஏறட்டும், எலெக்ஷனில் யார் ஜெயித்தால் யாருக்கென்ன, பெண்டாட்டி ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கிடந்தால் அவனுக்குப் போதும். அவளுக்கு வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். "வீட்டுலயே வெச்சுப் பாத்துக்குங்க" என்றார் டாக்டர். எதைப் பார்த்துக்கொள்வது என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. கொடுத்தனுப்பிய மாத்திரைக்கு முதலில் கொஞ்சம் அடங்கிய வலி, போகப் போக மாத்திரையைச் சட்டை செய்வதையே விட்டுவிட்டது.

பாகூர் ரோட்டை ஒட்டிய மாதா கோயில் தெருவில் வீடு. பிள்ளை குட்டி இல்லை. காசம்மாள் அவனுக்குச் சொந்த அத்தை மகள், பேச்சுக்குப் பேச்சு கிண்டல் பண்ணியே இருபது வருஷக் குடித்தனத்தை ஓட்டியவள். அப்படிப்பட்டவள் இப்போது துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

மரியதாஸ் பாகூர் ரைஸ் மில்லில் என்ஜின் டிரைவர். அவனிடம் ஒரு கித்தார் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த சித்தப்பா சைகோனிலிருந்து தூக்கி வந்தது. அவர் அதை வாசித்து யாரும் கேட்டதில்லை. ஆணியில் மாட்டி வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டுவதோடு சரி. அவர் போன பிறகு மரியதாஸ் அதை இறக்கித் துடைத்து, தானே தட்டுத் தடுமாறிப் பழகினான். கம்பியைத் தட்டுவதற்கு வில்லை என்று ஒன்று உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. விரலால்தான் வாசித்தான். கட்டைவிரல் தடித்த கம்பியில் மில் என்ஜின் மாதிரி டுக் டுக் என்று ஒரே சீராகப் போகும். மற்ற விரல்கள் மேல்கம்பிகளில் தம் பாட்டுக்கு எதையோ தேடிப் போய்விட்டு, நிதானமாகத் திரும்பி வரும். அது சினிமாப் பாட்டும் இல்லை, கோயில் பாட்டும் இல்லை.

"இன்னா பாட்டு மாமா இது?" என்று கல்யாணமான புதிதில் காசம்மாள் கேட்டாள்.

"பாட்டெல்லாம் இல்லடி. சும்மா."

"மில்லுல ஓட்டறது பத்தலன்னு வூட்டுலயும் என்ஜின் ஓட்டறியா?"

அப்படிச் சிரித்தவளுக்கு இப்போது அந்த என்ஜின் சத்தம்தான் மருந்து. அவன் பாயோரம் உட்கார்ந்து ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் அவள் வலது கால் பெருவிரல் கட்டைவிரலின் தாளத்துக்கு அசைய ஆரம்பிக்கும். பிறகு துண்டை விடுவாள். பிறகு கால்விரல் நிற்கும். நின்றால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். டாக்டருக்கும் மாத்திரைக்கும் வராத காரியம் தன் விரலுக்கு வருகிறதே என்று அவனுக்கு அழுகையாக வரும். அழுதால் தாளம் தப்பும் என்று அடக்கிக்கொள்வான்.

ஆனால் பகலில் மில்லுக்குப் போகவேண்டுமே. அறுப்புக் காலம், மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற நேரம், முதலாளி லீவு தருவாரா? அவன் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் இவள் கத்துகிற கத்தல் கோயில் வரைக்கும் கேட்கிறது என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். அதைக் கேட்ட அன்றுதான் அவனுக்கு யோசனை வந்தது. நான் இல்லாவிட்டால் என்ன, வாசிப்பு இருந்தால் போதாதா?

தவளக்குப்பம் ஜங்ஷனில் சுப்புராயனின் மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, சாவு எதற்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவான். ஓய்ந்த நேரத்தில் கேசட் பதிந்து கொடுப்பான். மரியதாஸ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கித்தாரைத் தூக்கிக்கொண்டு போனான். சுப்புராயன் விஷயத்தைக் கேட்டான். ஷட்டரை இறக்கினான், ஃபேனை நிறுத்தினான், மைக்கை ஒரு ஸ்டூலில் துணி போட்டு வைத்தான். "வாசிண்ணே" என்றான். வேர்த்து ஊற்றிக்கொண்டு மரியதாஸ் இரண்டு பக்கமும் வாசித்தான். இரண்டாம் பக்கத்தின் நடுவில் கடலூர் பஸ் ஒன்று நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அதுவும் உள்ளே விழுந்துவிட்டது. திரும்ப வாசிக்க விரலில் தெம்பில்லை. "இருந்துட்டுப் போவுதுபா" என்றான். சுப்புராயன் தன்னிடமிருந்த பழைய டேப் ரிக்கார்டரையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினான். கேசட் சிக்கிக் கிழிந்தால் வேறு போட்டுத் தர ஒரு நகல் தன்னிடம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டான். நல்ல எண்ணத்தில்தான் வைத்துக்கொண்டான்.

காசம்மாளுக்கு அது பலித்தது. மத்தியானம் வலி கிளம்பும்போது கையை நீட்டிப் பொத்தானை அமுக்குவாள். பஸ் ஹாரன் வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சிரிப்பு. "உன் வாசிப்புல எனக்குப் புடிச்சதே அந்த பஸ்ஸுதான் மாமா" என்றாள். அவள் கிண்டல் திரும்பி வந்துவிட்டதென்று மரியதாஸ் மில்லில் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தான்.

விதி வேறு பக்கத்திலிருந்து வந்தது. அபிஷேகப்பாக்கத்துப் பக்கம் அய்யனார் என்று ஒருவர் செத்தார். கடைசிக் காலத்தில் பெண்டாட்டி வழியில் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டவர். அண்ணன் தம்பிகள் மாறாதவர்கள். பிணத்தைத் தூக்குவதற்கு முன்பே சண்டை வந்துவிட்டது. குழாயில் என்ன பாட்டுப் போடுவது? சிவலோகம் போகிற பாட்டுத்தான் என்று அண்ணன் தம்பி, இயேசு பாட்டுத்தான் என்று மச்சான்மார். ஒருத்தன் ஆம்ப்ளிஃபயரில் கையை வைத்தான், இன்னொருத்தன் அவன் சட்டையில் கையை வைத்தான். சுப்புராயனுக்குச் செத்தவரைவிடத் தன் செட்டின் மேல்தான் கவலை. பெட்டியைத் துழாவியவன் கையில் மரியதாஸின் கேசட் வந்தது. அதில் சாமியும் இல்லை, வார்த்தையும் இல்லை. போட்டுவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் சட்டையைப் பிடித்தவன் கையை எடுத்தான். பந்தலில் பேச்சு நின்றது. டுக் டுக் என்று அது குழாயிலிருந்து வேப்பமரத்துக்கு மேலே போய் ஊரெல்லாம் இறங்க, அண்ணன் தம்பியும் மச்சான்மாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அழுதார்கள். அடுத்த சாவுக்கு ஆள் வந்து, "அன்னிக்கு போட்டியே கித்தாரு, அதப் போடுபா" என்றான். அதற்கடுத்த சாவுக்கும் அதே. மற்ற மைக் செட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? நகல் எடுத்தார்கள், நகலுக்கு நகல் எடுத்தார்கள். வில்லியனூர் வரைக்கும் போய்விட்டது. 'சாவு கித்தார்' என்று பேரும் வைத்தாயிற்று.

மரியதாஸுக்கு இது தெரிந்தது ஒரு சாயங்காலம், மில்லிலிருந்து திரும்பும்போது. வழியில் ஏதோ சாவுப் பந்தலின் குழாயில் தன் வாசிப்பு மாதிரி இருக்கிறதே என்று நினைத்தான். கடலூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் சைக்கிளிலிருந்து குதித்துவிட்டான். பந்தலோரம் நின்ற சுப்புராயன் ஓடி வந்து, "கோச்சிக்காதண்ணே" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினான். மரியதாஸ் அவனைப் பார்க்கவில்லை. பெஞ்சில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து மில்லும் என்ஜினும் தவிர ஒன்றையும் காணாத மனுஷன். தன் விரலுக்கு ஒரு சபையே அடங்கி உட்கார்ந்திருப்பதைக் கண்டால் நெஞ்சு நிமிராதா? நிமிர்ந்துதான் விட்டது.

"போட்டுக்கோபா. நல்லதுதான" என்றான்.

வீட்டில் சொல்லவில்லை. சாவு விஷயம் அவள் காதுக்கு எதற்கு என்று விட்டுவிட்டான்.

மோர்க்காரி கலியம்மாள் ஊர் ஊராகப் போகிறவள். சுற்றுவட்டாரத்தில் ஒரு சாவும் அவளுக்குத் தெரியாமல் நடக்காது. ஒரு மத்தியானம் மாதா கோயில் தெருவுக்குள் நுழைந்தவள் காதில் அந்த டேப் விழுந்தது. எந்த வீட்டிலிருந்து என்று பார்த்தாள். பானையை இறக்கி வைத்துவிட்டு, கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"எம்மா காசம்மா! போயிட்டியாடி, என்ன வுட்டுப் போயிட்டியாடி!"

கண்ணயரப் போன காசம்மாள் திடுக்கிட்டு விழித்தாள். வாசற்படியில் தலைவிரி கோலமாக நின்ற கலியம்மாளும் இவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னாடி கலியம்மா? யாரு போனது?"

கலியம்மாளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "சாவு கித்தாரு கேட்டுதே... உன் வூட்டுலேருந்து கேட்டுதே..." என்று திணறினாள். அப்புறம் இழுக்க இழுக்க எல்லாம் வந்துவிட்டது.

அன்று மரியதாஸ் வந்தபோது டேப் ரிக்கார்டரின் மேல் பழைய புடவை ஒன்று போர்த்தியிருந்தது. அவன் கை வழக்கம்போல் கித்தாருக்குப் போயிற்று.

"வேணாம் மாமா. அத எடுக்காத."

"ஏன்டி?"

"உனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு."

அவனுக்குத் தெரியும் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. காசம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பான்.

"உசுரோட இருக்கறப்பவே எனக்கு சாவு மோளம் அடிச்சிட்டியே மாமா" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தூக்கம் என்பதே இல்லாமல் போனது. வேறு எதையாவது வாசிக்கிறேன் என்று அவன் கெஞ்சினான். கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்தான், சினிமாப் பாட்டை எடுத்தான். பாழாய்ப்போன கட்டைவிரல் எதை எடுத்தாலும் அந்த டுக் டுக்கில்தான் போய் நின்றது. அதைக் கேட்டதும் காசம்மாளின் கால் வெடுக்கென்று மடங்கும். கண் கூரையில் நிலைக்கும். வலியோடு இப்போது பயமும் சேர்ந்துகொண்டது. துண்டு கிழிந்து வேறு துண்டு கொடுத்தான். முதுகைத் தடவினால் எரிகிறது என்றாள், தடவாவிட்டால் ஏன் விட்டாய் என்றாள். கட்டைவிரலை அம்மிக் கல்லில் வைத்து நசுக்கிக்கொள்ளலாமா என்றுகூட அவனுக்குத் தோன்றியது. நசுக்கிக்கொண்டால் மட்டும் அவள் தூங்கிவிடுவாளா?

மில்லுக்குச் சொல்லாமலே நின்றான். எல்லா கேசட்டையும் பிடுங்கி ஏரியில் போட்டுவிட வேண்டும். ஊரில் எங்கேயும் அது கேட்காமல் போனால், கொஞ்ச நாளில் அது மறுபடியும் தன் வீட்டு வாசிப்பாகிவிடும். இதுதான் அவன் கணக்கு. பைத்தியக்காரக் கணக்கு என்று சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை. சுப்புராயன் கேட்டவுடன் தன்னுடையதை எடுத்துக் கையில் கொடுத்து, தலையைக் குனிந்துகொண்டான். கன்னியக்கோயில் மைக் செட்டுக்காரன் கொஞ்சம் முறைத்துவிட்டுக் கொடுத்தான். வில்லியனூரில் ஒருத்தன் சிரித்தான்.

"எத்தினிதான் புடுங்குவ? பனித்திட்டுல காலைலேருந்து அதான் பாடிகினு கெடக்குது, போய்ப் பாரு."

வில்லியனூரிலிருந்து பனித்திட்டுக்கு அந்த வெயிலில் மிதித்தான். ஊருக்குள் நுழையும்போதே கேட்டது. கடற்கரையில் சவுக்குக் கழியை நட்டுக் குழாய் கட்டியிருந்தார்கள். சாவு வீட்டில் குழாய் ஊரைப் பார்த்து இருக்கும். இங்கே கடலைப் பார்த்துத் திருப்பியிருந்தது. பந்தல் இல்லை, பிணம் இல்லை. வலைகளுக்குப் பக்கத்தில் மணலில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள், தனக்கொடி என்று பெயர். மகன் ஏறிப் போன கட்டுமரம் மட்டும் கரைக்கு வந்திருந்தது. மகன் வரவில்லை.

மரியதாஸ் செட்டுக்குப் பக்கத்தில் போய், "இத நிறுத்துங்கபா" என்றான். "இது நான் வாசிச்சது. எனக்கு இது வேணும். எம் பொண்டாட்டி..." செட்டுக்காரன் தயங்கிப் பொத்தானை அமுக்கினான். அலைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

தனக்கொடி எழுந்து ஓடி வந்தாள். அவன் காலில் விழுந்துவிட்டாள்.

"நீயாப்பா வாசிச்சது? நிறுத்தாதப்பா, உன்னக் கும்புட்டுக் கேக்கறேன். எம்மவனுக்கு இருட்டுல கரை எந்தப் பக்கம்னு தெரியாது. இது கேட்டா இந்தப் பக்கம்னு தெரிஞ்சிக்குவான். நீ நிறுத்தினா அவன் எப்பிடிப்பா வருவான்?"

மகன் இனி கேட்கமாட்டான் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். மரியதாஸ் தன் கையில் இருந்த கேசட்டுகளைப் பார்த்தான். பிறகு தானே குனிந்து பொத்தானை அமுக்கினான். இரண்டாம் பக்கம், பஸ் ஹாரன் வருகிற இடத்துக்குச் சற்று முன்னால். அவளைத் தூக்கி உட்கார வைத்துத் தானும் மணலில் உட்கார்ந்தான். அவள் அழுதாள், அவனும் வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதான். அவள் மகனுக்காக என்று ஊர்க்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வீடு திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். காசம்மாள் முகம் ஒட்டிப்போய், உதடு வெடித்துக் கிடந்தாள். அவன் தண்ணீரைத் தொட்டு உதட்டில் தடவினான். பிறகு பாயோரம் உட்கார்ந்து, ஒன்றும் மறைக்காமல் சொன்னான். பிடுங்கப் போனது, ஒருத்தன் சிரித்தது, கடலைப் பார்த்துத் திருப்பியிருந்த குழாய், காலில் விழுந்தவள்.

"என்னால முடியலடி. நானே போட்டுட்டு வந்துட்டேன். இனிமே அது நம்முது இல்ல. உனக்கு இன்னா பண்றதுன்னே எனக்குத் தெரியலடி காசம்மா."

வெளியே யாரோ மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"அந்தப் புள்ளைக்கு அது கேக்குமா மாமா?"

"எப்பிடிடி கேக்கும்."

"அதான் நானும் நெனச்சிகினு கெடக்கறேன். நான் போனா சுப்புராயன் வந்து கொழா கட்டுவான். அதத்தான் போடுவான். தெருவே உக்காந்து கேக்கும். எனக்காக வாசிச்சது, எனக்கு மட்டும் கேக்காது." மூச்சு வாங்கினாள். "இது நல்லா இருக்குதா மாமா? இப்ப எனக்குக் காது இருக்குது. எடு. முழுசா வாசி. எஞ்சாவ நானே கேட்டுடறேன்."

"வேணாம்டி. உன் கால் மடங்கும்."

"மடங்கினா மடங்கட்டும். எடு மாமா."

எடுத்தான். முதல் டுக்கிலேயே அவள் கால் மடங்கியது. நிறுத்தப் போனான். "உம்" என்று அதட்டினாள். வாசித்தான்.

சாயங்காலக் காற்றில் அது தெருவுக்குப் போயிற்று. முதலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பிறகு பக்கத்து வீடு. கொஞ்ச நேரத்தில் வாசலில் தெருவே நின்றது. எல்லாருக்கும் அந்த வாசிப்புக்கு அர்த்தம் தெரியுமே. காலிப் பானையோடு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கலியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை கொண்டையை அவிழ்க்கவில்லை. படியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே..." என்றாள். மரியதாஸ் தலை நிமிரவில்லை, விரலை நிறுத்தவும் இல்லை.

"இன்னும் இல்லடி கலியம்மா" என்றது காசம்மாளின் குரல். "வந்து உக்காந்து கேளு. அன்னிக்கு அழுதியே, பாதியில நிறுத்திட்ட. மிச்சத்தையும் அழுதுடு, நானும் பாக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவளே முதலில் உடைந்தாள். ஒவ்வொருவராக உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். கலியம்மாள் அவள் காலடியில் உட்கார்ந்து, செத்தவர்களுக்குச் சொல்கிற அத்தனையையும் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். மோருக்குக் காசு கேட்டால் கிண்டல் பண்ணுவாயே, என் மகள் பிரசவத்துக்கு நடந்தே வந்தாயே, இனிமேல் இந்தத் தெருவில் என்னை யார் திட்டுவார்கள் என்று. காசம்மாள் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டாள். ஒரு இடத்தில், "பொய் சொல்லாதடி, பிரசவத்துக்கு எங்க வந்தேன், கல்யாணச் சோத்துக்குத்தான் உன் வூட்டுக்கு வந்தேன்" என்று திருத்தினாள்.

மரியதாஸ் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். மடங்கிய கால் எப்போது நீண்டது என்று அவனுக்குத் தெரியாது. பெருவிரல் அசைந்தது, கட்டைவிரலோடு சேர்ந்து ஒரே சீராக. பிறகு மெதுவாயிற்று. பிறகு நின்றது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கலியம்மாள் குனிந்து அவள் மூக்கருகில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தூங்குது" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். மரியதாஸ் வாசித்துக்கொண்டே இருந்தான். விரல் நுனி பிய்ந்து கம்பியில் ரத்தம் பட்டது. நிறுத்தினால் விழித்துவிடுவாள் என்ற பயத்தில், எல்லாரும் போன பிறகும் வாசித்தான்.

அதற்குப் பிறகு அவள் ஒரு மாதம் இருந்தாள். வலி போகவில்லை, ஆனால் தினமும் கேட்டாள், தினமும் தூங்கினாள். ஒரு விடியற்காலையில், அவன் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும்போது போய்விட்டாள்.

சுப்புராயன் கேள்விப்பட்டதும் சைக்கிளில் இரண்டு குழாய்களைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். யாரையும் கேட்காமல் மாதா கோயில் தெரு வேப்பமரத்தில் ஏறி ஒன்றைக் கட்டியும் விட்டான். மரியதாஸ் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான்.

"எறங்குபா. அத அவுத்துடு."

"அண்ணே, ஊருக்கெல்லாம் போட்டோமே. அண்ணிக்குப் போடாம எப்பிடிண்ணே?"

"வேணாம்பா. அவ கேட்டுட்டா."

சுப்புராயன் குழாயை அவிழ்த்துக்கொண்டு இறங்கினான். அதனால் அன்று அந்தத் தெருவில் குழாய்ச் சத்தமே இல்லை. கலியம்மாளே வழக்கம்போல் மோர்ப் பானையோடு தெருவுக்குள் வந்த பிறகுதான், வாசலில் கூட்டத்தைப் பார்த்துப் பானையை இறக்கி வைத்தாள்.